எதிர் அறைக்காரியின் வீடும் என் மொட்டைக் கடிதமும்

அனுப்புநர்:
மருத்துவமனைச் சலவைக்கூடப் பெண் தொழிலாளி,
தம்பி வீட்டுச் சமையலறையில் மகளுடன் தங்கியிருப்பவர்.

பெறுநர்:
வீடற்றோர் குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலர்.

பொருள்: செருப்பு தைப்பவர் குடும்பத்தின் மீது நான் பெயரிடாமல் அனுப்பிய புகாரைத் திரும்பப் பெறுவதும், என்னையும் வீடற்றோர் கணக்கில் சேர்க்கக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அக்குடும்பமும் நானும் ஒன்பது ஆண்டுகள் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். ஒரே ஆண்டில் வாடகை இருமுறை ஏறியது, சம்பளம் அசையவில்லை. இரு குடும்பங்களும் ஒரே வாரத்தில் வெளியேறினோம். அவர்கள் பேருந்து நிலையத்தில் படுத்தார்கள். நான் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டேன். தம்பி மனைவி அடுப்பு பற்றவைக்கும் முன் நாங்கள் பாயைச் சுருட்டிவிட வேண்டும்.

2. விடியற்காலையில் தங்கள் கணக்கெடுப்பாளர் பேருந்து நிலையம் சென்று அவர்களை எழுதிக்கொண்டார். நானும் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "சில நாட்டுல சொந்தக்காரங்க வீட்டுல ஒண்டியிருக்கறவங்களையும் சேத்துக்கறாங்கம்மா. அதனால அங்க எண்ணிக்கை அதிகமாத் தெரியும். இங்க தெருவுல படுத்தாதான் கணக்கு" என்று பொறுமையாகவே விளக்கினார். உலகக் கணக்கு புரிந்தது. எனக்கு வீடு இல்லை என்பதும் புரிந்தது.

3. அவர்களுக்கு மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. பார்க்கப் போனேன். செருப்பு தைப்பவரின் மனைவி குழாயைத் திறந்து காட்டினாள். கதவை உள்ளிருந்து தாழிட்டுக் காட்டினாள். எனக்கும் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று ஆறுதல் வேறு சொன்னாள். வயிறு எரிந்தது ஐயா. ஜன்னலை விட்டு வர மறுத்த என் மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

4. அவர்களுக்கு வேறு ஊரில் சொந்த வீடு இருப்பதாக மறுநாள் தங்களுக்கு எழுதியது நான்தான். அது முழுப் பொய். தாங்கள் அந்த வீட்டைப் பூட்டி முத்திரையிட்டீர்கள். அவர்கள் மீண்டும் பேருந்து நிலையத்தில் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. குழந்தையின் தாய் அழுவதற்கு என்னிடம்தான் வந்தாள். "யாரு கண்ணு பட்டுச்சோக்கா" என்றாள்.

5. ஆகவே அவ்வீட்டை இன்றே திறந்துவிடும்படி வேண்டுகிறேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். சமையலறைகளில் படுப்பவர்களையும் எண்ண ஆவன செய்ய வேண்டும். அது அடுத்த மாதமானாலும் பரவாயில்லை, குழந்தையின் இருமல் பொறுக்காது. பொறாமை போய்விட்டதாக எழுதினால் அது என் இரண்டாவது பொய்யாகிவிடும். புகார் எழுதியவர் யார் என்று அவளிடம் தாங்கள் சொல்ல வேண்டாம். அவள் சாவியை வாங்கியதும் நானே போய்ச் சொல்கிறேன்.

இடம்: மருத்துவமனைச் சலவைக்கூடம்
நாள்: மார்ச் 14, செவ்வாய்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
சலவைக்கூடத் தொழிலாளி