கை நின்ற இடங்கள்

அன்ரி,

இன்று வீடியோவில் ஒரு பெண் தன் கழுத்துச் சால்வையைச் சரிசெய்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பில் நடக்கும் பேச்சையெல்லாம் வாயசைவோடு விரல்களாலும் காட்டுகிறவர்களை இப்போது நான்தான் மதிப்பிடுகிறேன். உங்கள் தொழிலுக்கு நான் பரீட்சை வைக்கிறேன் என்று கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். வகுப்பொன்றில் எடுத்த அந்த வீடியோவில் அந்தப் பெண்ணின் கையில் நல்ல வேகம், நல்ல தெளிவு. எனக்குக் கேட்காது என்பதால் விரல்களை மட்டும் பார்த்துத் தாராளமாகப் புள்ளி போட்டேன். காது கேட்கும் என் சக மதிப்பீட்டாளர் வீடியோவை நிறுத்தினார். அந்தச் செவிடு எங்கள் குழுவில் வேண்டாம் என்று பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை சொன்னதாம். அந்த நேரத்தில்தான், அதைக் காட்டாமல், அவள் கை சால்வைக்குப் போயிருக்கிறது.

இல்ஃபோர்ட் பள்ளியில் என் பக்கத்தில் இருந்த காலமெல்லாம் நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். ஹீட்டர் கொதிக்கும் வகுப்பில் சால்வையை இழுத்து இழுத்து விடுவீர்கள். அன்ரிக்குக் குளிர்கிறது என்று நான் போய் அம்மாவிடம் சொல்ல, அம்மா தடித்த கம்பளிச் சால்வையொன்று வாங்கித் தந்தார். நீங்கள் அதையும் போட்டுக்கொண்டு வேர்த்தீர்கள்.

"என்ர காதிலை விழுறது முழுக்க உம்மட கண்ணிலை விழும், பிள்ளை." முதல் நாளே சொன்னீர்கள். அப்படியே நம்பினேன். என் வகுப்பில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை என்று இந்த வயதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்க நீங்களும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டோம். அந்தச் சிறுமியின் மனம் நோகும் என்றுதான் காட்டாமல் விட்டாளாம்.

"நோகட்டும். அது அவளுடைய நோவு. அதை ஒளித்துவைக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்றேன்.

அவள் அழுதாள். நான் உங்களிடம்தான் அதைச் சொன்னேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

உங்களையும் தேறவிட்டிருக்க மாட்டேன், அன்ரி. ஆனால் ஒன்று. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கிருப்பவர்களுக்கு என்னைப் பிடிக்கும் என்ற எண்ணத்தோடுதான் நுழைவேன். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், இந்த வேலைக்கான நேர்முகத்துக்கும் அப்படித்தான் போனேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் விளங்கியது. நாளைக்கும் அப்படித்தான் கதவைத் திறப்பேன். வேறு மாதிரித் திறக்க எனக்குத் தெரியாது.