எண்ணிக்கைக் கூலி

மேனேஜராகிவிட்ட என் தம்பிக்கு,

நேற்று உன் பேச்சுக்கு முதலில் கைதட்டியது நான்தான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "இனி எத்தனை சட்டை தேய்க்கிறீங்களோ அத்தனைக்குத்தான் கூலி. திறமை இருந்தா மேல வரலாம், எங்க அக்காவைப் பாருங்க" என்றாய். சலவைக்கூடமே என்னை முறைத்தது.

இன்று பக்கத்து மேசைக்காரியோடு இஸ்திரிப்பெட்டியை மாற்றிக்கொண்டேன். அவளுடைய பழைய பெட்டி ஒரு நேரம் ஆறிப்போகிறது, ஒரு நேரம் நெருப்பாகிறது. நான் நாற்பது தேய்ப்பதற்குள் அவள் தொண்ணூறு முடித்துவிட்டு, "என்னக்கா, இன்னிக்கு உடம்பு வளையலையா?" என்றாள். என் திறமையெல்லாம் நீ கொடுத்த புதுப் பெட்டியில் இருந்திருக்கிறது, ராசா. உன் திறமை, அப்பா உன்னை மட்டும் படிக்கவைத்ததில் இருக்கிறது.

எண்ணிக்கைக் கூலிக்குச் சம்மதம் என்று நீ நீட்டிய தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். வேலையை விட்டு நிறுத்துவதானால் நிறுத்திக்கொள்.

அந்தப் பழைய பெட்டியால் கடைசியாகத் தேய்த்தது உன் வெள்ளைச் சட்டை. முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. சட்டைக் கைகள் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் பிறந்தவள்