ஆயிரத்து நூற்று எண்பதுக்கு மேல் ஒரு வரி

மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. கொடியில் போட்ட சட்டை காயாமல் நாறுகிறது. தேய்ப்புப்பெட்டியைச் சூடாக்கி ஈரச் சட்டை மேல் வைத்தேன். புஸ்ஸென்று கிளம்பியது அந்த வாடை. நான் போலீஸ் ஏட்டாகக் குற்றாலத்தில் சீசன் டியூட்டி பார்த்த காலத்தில், என் காக்கிச் சட்டையை நீ இப்படித்தான் காயவைத்துக் கொடுப்பாய். இன்றைக்கு அந்த வாடை பட்டதும் அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்பாய். பாதி அந்தக் கடைக்காரன் மேல், மீதி என் மேல்.

இந்தப் பெட்டியைத் தென்காசியில் வாங்கிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட விலை ஆயிரத்து நூற்று எண்பது. பில்லில் அதற்கு மேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. என்று இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு ஏறியிருந்தது. நீ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அண்ணாச்சி, எல்லா வரியும் சேத்துத்தான் இந்த விலைன்னு அட்டையிலேயே போட்டிருக்கே. சாமான் ஆயிரம், வரி நூத்தியெம்பது. நீங்க வரிக்கும் சேத்துல்லா வரி போடுதிய?"

"ஜி.எஸ்.டி. தனிதாம்மா. கம்ப்யூட்டர் போடுது, நான் என்ன செய்ய?"

"கம்ப்யூட்டருக்கு அட்டையப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா?"

கல்லாப்பெட்டி மேல் கிடந்த பேனாவை எடுத்து அட்டையிலேயே கணக்கு எழுதினாய். விலையை நூற்றுப் பதினெட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் வரியில்லாத விலை, மிச்சம் வரி. அவ்வளவுதான். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. "ஏட்டையா, நீங்களே சொல்லுங்க" என்றான் அவன்.

நான் என்ன சொன்னேன்? "ஏட்டி, பேசாம வா. ஏட்டு வீட்டம்மா எரநூறு ரூவாய்க்குச் சண்டை போடுதான்னு பேரெடுக்கவா?" பணத்தை எண்ணி வைத்துவிட்டு வெளியே போய் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். உனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

பஸ்ஸில் நீ வாயே திறக்கவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாய்: "நீங்க குடுத்தது வரி இல்ல. என் வாயை அடைக்கக் குடுத்த கூலி." நான் சிரித்தேன். சீ, என்ன மனுசன் நான்!

நீ கண்ணை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நேற்று மருமகனோடு அதே கடைக்குப் போனேன், மகள் வீட்டுக்கு மேசை விசிறி வாங்க. அச்சிட்ட விலை இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது. அதில் வரி முந்நூற்று அறுபது உள்ளேயே இருக்கிறது. அதே ஆள், அதே பில், மேலே நானூற்று இருபத்துநான்கு ரூபாய் எண்பது காசு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கடையே அதிரும்படி கத்தினேன். உன் கணக்கை அப்படியே ஒப்பித்தேன்.

அவன் பதறவில்லை. "அன்னைக்கு அம்மா இதையேதானே பேசுனாவ? நீங்கதானே ரூவாயக் குடுத்துட்டு வெளிய போனிய? அப்ப சரி, இப்பத் தப்பா ஏட்டையா?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதில் தேடுவதற்குள் கல்லாவில் இருந்த சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று உரக்க அறிவித்தது. திரும்பிப் பார்த்தேன். மருமகன் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். "விடுங்க மாமா. நானூறு ரூவாய்க்கா இவ்வளவு? எல்லாரும் பாக்காங்க."

காரில் வரும்போது, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், குளித்துவிட்டுப் போவோமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். உனக்கு அந்த பஸ்ஸில் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்று சட்டையைத் தேய்த்து முடித்ததும் பரணில் ஏறி அந்த அட்டைப்பெட்டியை எடுத்தேன். உன் கணக்கு அப்படியே இருக்கிறது. உள்ளே பில். அச்சு மங்கிப்போகும் என்று தெரிந்து, எண்களின் மேலெல்லாம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாய். இவ்வளவு காலம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஆடு காணோம், வரப்பை வெட்டிவிட்டான் என்று ஊரார் கொண்டுவந்த புகாரையெல்லாம் முப்பது வருடம் எழுதி வாங்கினேன். உன் புகாரை மட்டும் வாங்காமல் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

இப்போது நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். இரண்டு பில்லையும் இணைத்திருக்கிறேன். உன்னுடையது காலம் கடந்தது என்று தள்ளுவார்கள், தெரியும். தள்ளட்டும். அன்று பணத்தைக் கொடுத்து உன் வாயை அடைத்தவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். பேர் கெட்டுப்போகும் மாமா என்கிறான் மருமகன். கெடட்டுமே.

அட்டையில் உன் கணக்குக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.