வேவு பார்த்த பெனியன்

கல்முனை.

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு, வாப்பா நஜீம் ஸலாத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரார் முந்திவிடுவார்கள். வியாழக்கிழமை முனாபின் சாப்பாட்டுக் கடை வாசலில், சாரன் மட்டும் உடுத்து, வெற்று மேலோடு நின்று பராட்டாவும் மாட்டிறைச்சியும் தின்றேன். நீ அனுப்பிய பெனியனைக் கழற்றி எதிர் மதிலில் தொங்கவிட்டிருந்தேன். அந்நேரம் பார்த்துப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் றவூப் வந்து, "என்ன நஜீம், மக்காவுக்கு உம்றா போக இஹ்ராம் துணி கட்டப் பழகுறீங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயில் எலும்போடு.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, காலையில் கடற்கரையில் நடப்பேன், இறைச்சி தொடமாட்டேன் என்று உனக்கு வாக்குத் தந்தவன்தான் நான். நீ இங்கிலாந்தில் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நெய்தது, பெட்டரி பூட்டினால் வெள்ளி பூசிய நூலில் மின்சாரம் ஓடி என் இடுப்பு வலிக்குச் சூடு கொடுக்கும் என்று இந்தப் பெனியனை அனுப்பினாய். கல்முனை வெயிலுக்கு மேல் இன்னொரு சூடா என்று நான் கேட்கவில்லை. மகள் அனுப்பியதல்லவா, பெட்டரியை உம்மா பூட்டியிருப்பா என்று போட்டேன். வேர்த்து ஊற்றியது. வலியும் பாதி போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

போன கிழமை போனில் சொன்னாய்: "நடக்கப் போறன் எண்டுட்டு முனாப் மாமாட கடைல குந்திக்கிட்டு இரிக்கிறீங்க. எனக்கு எல்லாம் தெரியும் வாப்பா." இதை உனக்கு யார் சொன்னது என்று தேடினேன். போன் திருத்தும் முஸ்தாக்கிடம் பெனியனைக் காட்டினேன். நெஞ்சுப் பக்கத்து நூல் சூட்டுக்கல்ல, இதயத் துடிப்பையும் நடையையும் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதற்கு என்றான். "காக்கா, இது பெனியன் இல்ல, சிஐடி!"

உன் உம்மாதான் ஆறுதல் சொன்னா. "பெத்த வாப்பாவ நம்பாம உடுப்புட்ட கேக்கிறாளே" என்று கண்ணைத் துடைத்தா. இந்த வீட்டில் அவ ஒருத்திதான் என் பக்கம்.

மகள், ஊரில் எல்லாரையும் பற்றிக் கதைக்கிறவன் நான். என் நெஞ்சே என்னைப் பற்றிக் கதைத்தால் நான் எங்கே போவேன்? அடுத்த முறை என்னையே கேள். பொய்தான் சொல்வேன், ஆனாலும் என்னையே கேள். நெஞ்சு வலித்த நாளிலிருந்து அந்தக் கடற்கரையில் தனியே நடக்கப் பயம். அதைப் பெனியன் உனக்குச் சொல்லியிருக்காது.

குளிருக்குள் வேலைக்குப் போகிறாய், காதை மூடிக்கொள். அல்லாஹ் உன்னைப் பொருந்திக்கொள்ளட்டும்.

உன் வாப்பா,
நஜீம்

பி.கு.: கடித உறை தேடி உம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். பெனியனோடு வந்த பெட்டரி அவவின் சாறிகளுக்கடியில் கிடக்கிறது. பொலித்தீனை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.