பத்து மணிக்கு நகர்த்த வேண்டிய கார்

செவ்வாய், பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. குட்டியும் இவரும் தூங்கிவிட்டார்கள். போனில் கூப்பிட்டால் நீ எடுக்கப்போவதில்லை. எடுத்தாலும் நான் அழுவேன், நீ "சரி, போய்ப் படு" என்பாய், பேச்சு அதோடு போச்சு. அதனால் இதைக் குட்டியின் கணக்கு நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். ஸ்டாஃப் ரூமில் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று பெற்றோர் குழுக் கூட்டத்தில் நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. பள்ளிக்கு வந்திருக்கும் தொகையில் ஒன்றைத்தான் செய்ய முடியுமாம். ஒன்று, விளையாட்டுத் திடலுக்குக் கூரை. இல்லையென்றால், பக்கத்துக் காலி மனையைக் குத்தகைக்கு எடுத்து ஆசிரியர்களுக்குக் கார் நிறுத்த இடம். நான் எழுந்து, "பிள்ளைங்க வெயில்ல காயுதுங்க, காருக்கு என்னங்க அவசரம்? பஸ்ஸுதான் ஓடுதே, அதுல வரக் கூடாதா?" என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. திரும்பிப் பார்த்தால் நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறாய்.

குட்டிக்கு வெயிலில் மூக்கில் ரத்தம் வருவது உனக்குத் தெரியும். போன வாரம் மட்டும் இரண்டு தடவை. சட்டையைத் துவைத்துத் துவைத்து, அதே நினைப்பில்தான் பேசினேன். உன்னை நினைத்துப் பேசவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் தப்போ என்று தோன்றுகிறது.

வாக்கெடுப்பு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. என் மேல் கோபமா? கோபமென்றால் நாலு திட்டு திட்டிவிடு. நீ பேசாமல் இருந்தால் எனக்கு வீட்டில் ஒரு வேலை ஓடாது.

உன்
சின்னவள்

புதன், பிப்ரவரி 12
மதிய இடைவேளை

சின்னவளே,

உன் தபால்காரி பத்திரமாக வந்து சேர்ந்தாள். கடிதத்தை நீட்டிவிட்டு, "அம்மா அழுதாங்க. ஆனா உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்" என்றாள். ரகசியம் காப்பதில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

கோபம் இல்லையடி. நன்றாகத்தான் பேசினாய். பஸ்ஸைச் சொன்ன இடத்தில் மட்டும் சுருக்கென்றது. எழுந்து போனது கோபத்தில் இல்லை, காரை நகர்த்த. சொன்னால் சிரிப்பாய்.

என் நாள் எப்படிப் போகிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டினால் எட்டுக்குள் வந்து சேரலாம். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்க்க என் சம்பளத்துக்கு வழியில்லை. இந்தத் தெருவில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம். தாண்டினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். ஆக, பத்து மணிக்குச் சாவியும் கையுமாகப் படியிறங்கி ஓடுவேன். அடுத்த தெருவில் ஓர் இடுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம், தப்பித்தேன். இரண்டு மணிக்கு மறுபடியும் ஓட்டம். நான் ஓடும்போது பக்கத்து வகுப்பு டீச்சர் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். அவள் ஓடும்போது நான்.

போன மாதம் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடும்படி ஆகிவிட்டது. அன்று நான் என் ஐந்தாம் வகுப்பில்கூட இல்லை. லீவில் போனவருக்குப் பதிலாக மூன்றாம் வகுப்பில் இருந்தேன். யாரோ ஓர் அம்மா பார்த்துவிட்டு, வகுப்பில் ஆளே இல்லை, ஒரு பையன் ஜன்னல் கம்பியில் ஏறி நிற்கிறான் என்று எழுதிப் போட்டுவிட்டாள். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் தலைமையாசிரியை அதை மேலே அனுப்புவார். அதுவரை யோசிக்க நேரம் இருக்கிறது என்கிறார்.

மணி அடித்துவிட்டது. ஒழுங்காகத் தூங்கு.

அக்கா

ஞாயிறு, பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

இரண்டு விஷயம். முதலாவது சுலபம். முந்தாநாள் விடியற்காலை இவரிடம் குட்டியை விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து உன் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வந்து பார்த்தேன். உன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே வரவில்லை. முதல் பஸ் ஆறே காலுக்கு. இரண்டு இடத்தில் மாற வேண்டியிருந்தது, இரண்டாவது இடத்தில் முப்பத்தைந்து நிமிஷம் நின்றேன். பள்ளி வாசலுக்கு வந்தபோது காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயாகிவிட்டது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "என்னம்மா, லேட் அட்மிஷனா?" என்கிறார். பஸ்ஸுதான் ஓடுதே என்றேனே அன்றைக்கு. எந்த பஸ்ஸைச் சொன்னேனோ.

இரண்டாவதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மா நான்தான்.

குட்டி மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தேன். தாழ்வாரத்தில் போகும்போது அந்தப் பையனைக் கம்பியில் பார்த்தேன். நான்தான் உள்ளே போய் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, "அக்கறையுள்ள பெற்றோர்" என்று போட்டேன். வகுப்பில் ஏன் ஆளில்லை என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டவள், அந்த ஆள் எங்கே போனாள் என்று பக்கத்து அறையில்கூடக் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டிருந்தாலே போதும். நீ ஐந்தாம் வகுப்பு, உனக்கென்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம்தான் கை தூக்குவேன். நீ மட்டும் அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள், அக்கா. நீ அதே கட்டடத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் குட்டியை வாசலில் விட்டுவிட்டு நான் திரும்பி நடக்கிறேன்.

உன்
சின்னவள்

புதன், பிப்ரவரி 19

சின்னவளே,

திங்கட்கிழமையே படித்துவிட்டேன். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ எழுதியது சரிதான். அந்தப் பையன் விழுந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பெயரைப் போட்டு எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்காகக் கை தூக்காதே. தூக்குவதென்றால் யோசித்துத் தூக்கு. விண்ணப்பத்தைப் பற்றி இப்போது கேட்காதே.

பஸ்ஸில் வந்தாயாம். பைத்தியம். உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அக்கா

வெள்ளி, பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

நீ இன்று கூட்டத்துக்கு வரவில்லை. யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எழுந்து, அந்தப் புகார்க் கடிதம் என்னுடையது என்று சொன்னேன். அந்த டீச்சர் என் கூடப் பிறந்தவள், வகுப்பில் ஆளில்லாத அந்த நேரத்தில் அவள் எங்கே ஓடினாள் என்றும் சொன்னேன். முன்வரிசை அம்மா ஒருத்தி, "அப்ப அக்காவுக்காக இன்னிக்குக் கட்சி மாறிட்டீங்களா?" என்றாள். "இங்க இன்னும் பதினோரு பேர் ஓடுறாங்க. அவங்க யாரும் எனக்கு அக்கா இல்லீங்க" என்றேன்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மதியம் விளையாட்டு நேரத்தில் குட்டிக்கு மறுபடியும் ரத்தம். அவளுடைய கைக்குட்டை என் மடியில் இருந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு ஐந்து கைகள். கூரைக்கு ஐந்து. நான் எதற்கும் தூக்கவில்லை. இரண்டும் சமமானதால் தலைமையாசிரியை தன் வாக்கைப் போட்டுக் கூரை என்று முடித்துவைத்தார்.

டீச்சர் என் அக்கா என்பதால் நான் வாக்களிப்பது முறையில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி உனக்கு மட்டும்: உனக்காகத் தூக்கத்தான் நினைத்தேன். மடியைப் பார்த்தேன், கை எழவில்லை. கூரைக்கும் எழவில்லை. இரண்டு பக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு என்று இனி கேட்க எனக்கு வாயில்லை. போ, அக்கா. அந்தப் பள்ளி உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலையில் ஒன்றரை மணி நேரம் கூடத் தூங்கலாம். குட்டியை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடக்க நானும் பழகிக்கொள்வேன்.

நீ போனாலும் போகலாம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். சட்டைப் பொத்தானைத் திருகினாள். "அப்ப இனிமே மிஸ்னு கூப்பிட வேணாம்ல? எப்பவுமே பெரியம்மாதான?" என்றாள். ஆமாம் என்று நானாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அவள் இதைக் கொண்டுவருவாள். சீக்கிரம் பதில் எழுது.

உன்
சின்னவள்