மூன்று விசில்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

போனை எடுக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். இரண்டு சனிக்கிழமையாக உன் மகள் மிளகு என் ஆபத்துக்கால வகுப்புக்கு வரவில்லை. மற்ற பிள்ளைகள் முப்பது பேரும் என்னை விடுவார்களா? ஆளாளுக்கு வந்து கேட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். அவருடைய மேலதிகாரி வந்திருந்தபோது உன் மகள் மஞ்சள் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "அங்கிள், இங்க தீப்பிடிச்சா நீங்க எந்த வழியா வெளிய போவீங்க?" என்று கேட்டாளாமே. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீ சிரிக்கவில்லை என்பதையும் சொன்னார். விருந்தாளிக்குப் பரீட்சை வைக்கக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

ஆனால் அந்தப் பை விளையாட்டுச் சாமான் இல்லை. முகத்துக்கு ஓட்டை கிழித்துவிட்டு மாட்டிக்கொண்டால் மழையும் குளிரும் உள்ளே வராது. மடித்தால் கைக்குட்டை அளவுதான். எட்டு வயதுப் பிள்ளை வேறு எதைத் தூக்கிச் சுமக்கும்? அவளைப் பயமுறுத்துகிறேன் என்கிறாயாம். வகுப்பிலேயே அதிகம் சிரிப்பவள் அவள்தான்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

நீ அவளுக்குக் கொடுத்த விசிலையும் பையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி அவள் வரமாட்டாள்.

பூங்காவுக்குக் கூட்டிப்போனால் ஊஞ்சலுக்கு ஓடாமல் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். "தொலைஞ்சுபோனா இதுகிட்டதாம்மா உக்காந்திருப்பேன்" என்கிறாள். பெற்றவள் காதில் விழுகிற பேச்சா இது?

சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். சந்தைக் கூட்டத்தில் ஆறு வயதுத் தங்கையின் கையை விட்டவள் நீ. சாயங்காலம் வரை அழுதுகொண்டே அலைந்தது நான். என்னைத் தொலைத்தவளிடம் என் மகள் பாடம் கற்க வேண்டாம். இனி எழுதாதே.

இப்படிக்கு,
உன் தங்கை

ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

நீ சொன்னது உண்மை. பன்னிரண்டு வயதுக்காரி ஒரு பொம்மைக் கடையில் கண்ணை விட்டேன், கையும் விட்டுப்போயிற்று. ஆனால் அன்று முழுக்க நானும் உன்னைத் தேடி ஓடிக்கொண்டுதான் இருந்தேன். நீ என்னைத் தேடினாய், நான் உன்னைத் தேடினேன், அதனால்தான் இருவரும் அகப்படவில்லை. நின்ற இடத்திலேயே நில், அக்கா வருவேன் என்று உனக்கு முன்பே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். அன்று உனக்குச் சொல்லாததைத்தான் இத்தனை வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் வீடு மாறவில்லை. அதே இரண்டாம் மாடி, அதே பச்சைக் கதவு.

அக்கா

நவம்பர் 15

என் அக்காவுக்கு,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிளகு நலமாக இருக்கிறாள்.

மலைக்குப் போயிருந்தோம். அவர் வண்டியை நிறுத்தப் போனார். நான் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. திரும்பினால் பிள்ளை இல்லை. கத்திக்கொண்டே ஓடினேன். வனக்காவலர்கள் முதலில் கண்டுபிடித்தது என்னைத்தான் அக்கா, பாதையை விட்டு ஒரு மைல் தள்ளி.

மூன்று மணி நேரம் கழித்து விசில் கேட்டது. நீ சொல்லிக் கொடுத்தபடி மூன்று முறை. பிறகு அமைதி. மறுபடி மூன்று முறை. சத்தம் வந்த பக்கமாகவே நடந்தோம். ஒரு பைன் மரத்தில் சாய்ந்து, மஞ்சள் பைக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். மழை பெய்திருந்தது, அவள் நனையவில்லை. விசிலைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே. பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதியிருக்கிறாள். பை என் சமையலறை இழுப்பறையிலிருந்து எடுத்தது. ஜூன் மாதத்திலிருந்தே சட்டைப்பையில் இருந்ததாம்.

பெரிய காவலர் அவள் முன் குந்தி உட்கார்ந்து, "அம்மாவைத் தேடிப் போகணும்னு தோணலையா பாப்பா?" என்று கேட்டார்.

"தேடுறது அவங்க வேலை அங்கிள். இருக்கிறது என் வேலை."

அந்த ஆள் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டார். இன்னும் அதைக் கழற்ற மறுக்கிறாள். குளிக்கும்போதுகூட.

நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "உனக்கு யாரும் சொல்லித் தரலம்மா, அதான்" என்றாள். அக்கா, அந்த இடத்தில் எனக்கும் ஆறு வயதாகிவிட்டது.

சனிக்கிழமை வருகிறோம். இந்த முறை தேடுகிற வேலை என்னுடையது. நீ நகராதே.

உன் தங்கை

நவம்பர் 18

என் தங்கமே,

சனிக்கிழமை வகுப்பை மிளகுதான் எடுக்கிறாள். பேனா மூடியில் ஊதுவது எப்படி என்று முப்பது பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். தொப்பியோடு வரச் சொல்.

உனக்கு முதல் பெஞ்சில் இடம் போட்டிருக்கிறேன். வரும்போது ஒரு குப்பைப் பை கொண்டு வா, பெரிய அளவில்.

இருக்கிற இடத்திலேயே இருக்கிறேன்.

அக்கா