செமிசி கையெழுத்துப் போடாத நாட்கள்

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடி அதே கூத்து. வகுப்பு தொடங்க இன்னும் நாலு வாரம். பல்கலைக்கழக ஊழியர் பிரிவில் மூச்சுவிட நேரமில்லை. போதாக்குறைக்கு, மாணவர் விடுதிகளில் சாவி தொடுகிற எல்லோருக்கும் இந்த ஆண்டிலிருந்து குற்றப்பதிவுச் சோதனை. விடுதிக் காப்பாளரிலிருந்து வாரம் இரண்டு மாலை வரவேற்பு மேசையில் உட்காரும் மாணவன் வரை. அவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அரசிடமிருந்து பதில் என் மேசைக்கு வரும். பதிவு ஒன்றுமில்லையென்றால் நானே ஒப்புதல் கொடுத்துவிடுவேன். ஏதாவது இருந்தால் என் மேலதிகாரி ஹெதருக்குப் போகும்.

மதியம் ஒரு மாணவன் வெளிறிய முகத்தோடு வந்து நின்றான். "நான் ஒரு தப்பு பண்ணிருக்கேன் மிஸ்." போன கோடையில் கடற்கரையில் அனுமதித்த அளவுக்கு மேல் சிப்பி பொறுக்கி, மீன்வள அதிகாரியிடம் மாட்டி அபராதம் கட்டியிருக்கிறான். "எவ்வளவு?" "ஒரு வாளி." "ருசியா இருந்துச்சா?" அப்புறம்தான் சிரித்தான். பாவம், ஒரு வாரமாகச் சாப்பிடவில்லையாம்.

பிப்ரவரி 5, புதன்

இரண்டாம் விடுதிக்குப் பராமரிப்பாளர் தேர்வாகிவிட்டார், சோதனை மட்டும்தான் பாக்கி என்று பட்டியல் வந்தது. பெயரைப் பார்த்தேன். செமிசி. என் செமிசி! என் கூடப் பிறந்த தம்பி.

நேர்காணலுக்கு இந்தக் கட்டடத்துக்குள்தானே வந்து போயிருப்பான்? என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பெயர் மாறியதால் இங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஹெதரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 6, வியாழன்

அரசு விடுமுறை. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி மெஷினில் போட்டேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் செமிசி எட்டு மாதம் வீட்டில் இல்லை. "டெ புகே தோட்டத்துல கிவிப் பழம் பறிக்கப் போயிருக்கான்" என்றாள் அம்மா. அவன் மனைவி லுபேயும் அதையே சொன்னாள். பாதிரியார்கூட ஞாயிறு ஜெபத்தில் "தோட்டத்தில் உழைக்கும் நம் மகனுக்காக" என்று உருகினார். எட்டு மாதம் பறிக்க அது என்ன பழம்? வெயிலில் வேலை செய்தவன் வெளுத்துப்போயா திரும்பி வருவான்? நான் கேட்கவில்லை. டோங்காக்காரக் குடும்பத்தில் தம்பியின் அவமானம் அக்கா காதில் விழக்கூடாது. பன்னிரண்டு வயதுக்கு மேல் அவன் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்த்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை என் முன்னால் வந்ததில்லை. அப்படிப்பட்டவன் தன் குற்றத்தை என் மேசைக்கே தபாலில் அனுப்புவானா?

பிப்ரவரி 10, திங்கள்

இன்னும் கையெழுத்து வரவில்லை.

ஹெதர் தலையை நீட்டினாள். "அந்தப் பராமரிப்பாளர் என்ன ஆனார் லோசா? வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடறவரைக்கும்தான். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன்."

"நினைவூட்டல் அனுப்பறேன்" என்றேன். யாருக்கு நினைவூட்டல்? என் தம்பிக்கு நான்! "அன்புடையீர்" என்று ஆரம்பித்து அனுப்பினேன். வெட்கக்கேடு.

தினக்கூலி ஆட்களை அனுப்பும் கம்பெனியில் இருக்கிறான். காலையில் செல்பேசியில் செய்தி வந்தால் வேலை, வராவிட்டால் அம்மா வீட்டுக் கார் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளோடு அந்தக் கொட்டகையில்தான் குடித்தனமும். விடுதி வேலைக்குக் கூடவே வீடு தருகிறார்கள். சாதாரண வாய்ப்பா இது?

பிப்ரவரி 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "ஹெதர், அவன் என் தம்பி."

பேனாவை வைத்தாள். "பேரைப் பார்த்த அன்னிக்கே சொல்லிருக்கணும்."

"தெரியும்."

"சரி. இனிமே நீ இதைத் தொடாதே, நான் பார்த்துக்கறேன். பதிவு இருந்தா உடனே கதவைச் சாத்திட மாட்டோம் லோசா. என்ன, எப்போ, இந்த வேலைக்கு அதனால ஆபத்தான்னு அவரையே கூப்பிட்டுக் கேப்போம். கையெழுத்தே போடலைன்னா நான் என்னத்தைக் கேக்க?"

மாலையில் லுபேயிடம் சொல்லி அனுப்பினேன்: பதில் என்னிடம் வராது, ஹெதரிடம் போகும், நான் பார்க்கவே மாட்டேன். அப்பாடா. இனிப் போடுவான்.

பிப்ரவரி 12, புதன்

போடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

லுபே வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, அவர் வேலை வேண்டாம்னு எழுதி அனுப்பப் போறாராம்."

"ஏன்? நான்தான் பார்க்கப் போறதில்லையே!"

"நீங்க பார்க்கறதைப் பத்தி இல்லக்கா. நீங்க பார்த்தா வீட்டோட போயிரும், வேறே ஆளு பார்த்தாதான் மோசம்கறார். அந்த ஆபீஸ்ல உங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்காம். 'இவ தம்பி இப்படியா'ன்னு ஒருத்தர் உங்களை ஒரு மாதிரி பார்த்துடக் கூடாதாம். நீங்க அங்கதான் வேலை பார்க்கறீங்கன்னு தெரியும், ஆனா இந்தக் காகிதமெல்லாம் உங்க பிரிவுக்குத்தான் வரும்னு சம்மதப் படிவம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மனுவே போட்டிருக்க மாட்டாராம்."

எனக்கு வந்ததே கோபம்! யார்றா உன்னைக் கேட்டது? என் மானத்தைக் காப்பாத்துன்னு உன் கால்ல விழுந்தேனா? ஆறு வருஷமா ஆளாளுக்கு என்னைப் பொத்திப் பொத்தி வச்சீங்க. ஜெயிலுக்குப் போன தம்பியை ஒருநாள் போய்ப் பார்க்கக்கூட விடலை. பழமாம் பழம்! இப்போ என் கௌரவத்துக்காக மூணு பிள்ளைங்களும் கொட்டகையிலயே கிடக்கணுமா?

இதில் பாதியை லுபேயிடம் கத்தினேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஜெயில் என்ற வார்த்தையை இன்றுதான் முதல் தடவையாக எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலைத் தேநீருக்குப் பிரிவு மொத்தமும் கூடியிருந்தபோது எழுந்து நின்றேன். "ரெண்டாம் விடுதிக்கு வரப்போற செமிசி என் சொந்தத் தம்பி. ஒரு வாரமா மறைச்சிட்டேன்." அவ்வளவுதான் சொன்னேன். சம்பளப் பிரிவுக்காரர் பிஸ்கட்டைத் தோய்த்தபடி, "ஐயையோ, அவருக்கும் உன்னை மாதிரியே வாய் நீளமா?" என்றார். சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

மதியம் காரை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். இன்று வேலைச் செய்தி வராததால் கொட்டகை வாசலில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டான். நான் எலுமிச்சை மரத்தைப் பார்த்துப் பேசினேன்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நீ என் தம்பின்னு சொல்லிட்டேன்."

"அக்கா, உங்களுக்கு எதுக்கு—"

"நான் இன்னும் முடிக்கலை. கையெழுத்துப் போடு. கூப்பிட்டுக் கேட்டா, பழம் பறிக்கப் போன காலத்தைப் பத்தி ஒண்ணுவிடாம சொல்லு. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லு. இது அக்கா சொல்றது."

எங்களில் அக்கா வாய்விட்டுச் சொன்னதைத் தம்பி தட்டக்கூடாது. இத்தனை வயதில் அந்த அதிகாரத்தை இன்றுதான் எடுத்தேன். மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரிக்கா" என்று கேட்டது.

அலுவலகம் மூடுவதற்குள் அவன் கையெழுத்து வந்து சேர்ந்துவிட்டது. ஹெதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினாள்.

பிப்ரவரி 19, புதன்

அவனை இன்று கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிறு கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் எங்கள் வழக்கப்படி மரியாதைக்குக் கட்டும் பின்னல் பாய். கதவு மூடியே இருந்தது. தேநீர் போட்டேன், ஆறியது, கொட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

அவன் கோப்பு என் கணினியிலும் தெரிகிறது. என் அனுமதியை நீக்க மறந்துவிட்டார்கள். ஒரு தட்டு தட்டினால் போதும், ஆறு வருஷத்துக் கேள்விக்குப் பதில். யாரை அடித்தான்? எதைத் திருடினான்? குடித்துவிட்டு யார் மேலாவது வண்டியை... ஐயோ, ஆண்டவரே. கை சுட்டியின் மேலேயே இருந்தது.

எழுந்து போய்க் கணினிப் பிரிவில் சொல்லி அதை என் திரையிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். என்னை நம்ப முடியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஹெதர் போகிற போக்கில், "ரெண்டாம் விடுதிக்கு அடையாள அட்டை தயார் பண்ணிடு" என்றாள். கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அட்டையும் சாவியும் வாங்க வரிசையில் நின்றான். கொடுக்க வேண்டியது நான்தான், கவுண்டரில் வேறு ஆள் இல்லை. முன்னால் வந்ததும் வழக்கம்போலக் குனிவான் என்று நினைத்தேன். குனியவில்லை. இத்தனை பக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! காதோரம் நரைத்திருக்கிறது.

"அக்கா" என்றான். "நான் பழம் பறிக்கப் போகலைக்கா."

"தெரியும்" என்றேன். "இங்க ஒரு கையெழுத்துப் போடு."

போட்டான். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தேன். பின்னால் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.